2பி நிலையில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் கிடையாது, கரண்ட்தான் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமாம். எங்கள் ஊர் நர்சிங் ஹோமிலோ அடுத்த வாரமே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். உறவினர்கள் சொல்வதும் அதுதான். நடுவில் தம்பி கல்யாணம் வருகிறது, பத்து நாள் இடைவெளி விடலாமா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபடியே செய்யுங்கள். அந்த ஆபரேஷனுக்குத் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

நோய் இருக்கும் உறுப்பை எடுத்துவிட்டால் நிம்மதி என்று உறவினர்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் 2பி என்றால், கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கவாட்டுத் திசுக்களுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் அந்த மிச்சம் உள்ளேயே இருக்கும். அப்புறம் கரண்ட் வைக்கத்தான் வேண்டும், அதுவும் முழுப் பலன் தராது. காரணம் இதுதான்: வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு முடியும் சமயத்தில், கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் வழியாகக் கட்டிக்கு வெகு அருகில் கதிர்வீச்சு தருவோம். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் அதிகம் படாமல் கட்டிக்கு மட்டும் பெரிய அளவு கிடைப்பது இந்த உள் கதிர்வீச்சில்தான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அந்தக் குழாயை எங்கே வைப்பது?

சரி, பெரிய ஆபரேஷனாகச் செய்தால்? அதையும் பார்த்தாகிவிட்டது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1பி2 (வாய்ப்பகுதிக்குள்ளேயே பெரிய கட்டி) முதல் 2பி வரை இருந்த 600க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒப்பிட்டார்கள். முதலில் கீமோ, பிறகு பெரிய ஆபரேஷன் என்று சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தாண்டு நோயின்றி இருந்தவர்கள் சுமார் 69 சதவீதம். கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 77 சதவீதம். 2018இல் வெளியான முடிவு இது, நம் நாட்டுப் பெண்களிடமே கிடைத்தது. தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பின் வழிகாட்டு நெறிகளும் இந்த நிலைக்குக் கீமோவுடன் கதிர்வீச்சைத்தான் சொல்கின்றன. அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் இதுவே பொருந்தும். (கட்டி சிறியதாக, வாய்ப்பகுதிக்குள்ளேயே இருந்தால் ஆபரேஷன் சரியான வழி. அம்மாவின் நிலை அதைத் தாண்டிவிட்டது.)

வழக்கமான முறை இப்படி: வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஐந்து வாரம் வெளிக் கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. பிறகு சில தடவை உள் கதிர்வீச்சு. எல்லாமே எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும், கட்டி கட்டுப்படும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைவதாகக் கணக்கு. வெளிக் கதிர்வீச்சு முடிந்ததும் ரத்தப்போக்கு நின்றுவிடும், ‘குணமாகிவிட்டது’ என்று சிலர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். பாதிச் சிகிச்சையோடு போனவர்களுக்கு நோய் திரும்பி வருவதைப் பார்க்கிறோம்.

அதனால் தொடங்கும் முன்பே கேளுங்கள்: உள் கதிர்வீச்சு இங்கேயே உண்டா? இல்லையென்றால் எங்கே, எந்தத் தேதியில்? தேதி கையில் இருக்கட்டும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகே ஏற்றுவார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு குறைந்திருந்தால் அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு மருத்துவமனைக் கவுன்டரில் விசாரியுங்கள்.

கல்யாணத்துக்காகப் பத்து நாள் விட வேண்டாம். பெரும்பாலும் சனி, ஞாயிறு கதிர்வீச்சு இருக்காது, முகூர்த்தம் அந்த நாட்களில் விழுந்தால் அம்மா தாராளமாக வந்து போகலாம். வேலை நாளாக இருந்தால் தேதியை இப்போதே கதிர்வீச்சு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால், வேறொரு நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கொடுத்து ஈடுகட்ட முடியும்.