கோத்தகிரி வீட்டு ஏற்றத்துக்கு ஏ200, எக்ஸ்1, க்யூ3: எது?

கோத்தகிரியில் உங்கள் வீட்டுக்கு ஏறும் அந்தச் செங்குத்தான பாதைக்கு, நீங்கள் கேட்ட மூன்று கார்களில் ஆடி க்யூ3 குவாட்ரோதான் சரி. குவாட்ரோ என்றால் நான்கு சக்கரத்துக்கும் இழுவை. டெஸ்ட் டிரைவில் பென்ஸ் ஏ200-இன் முன்சக்கரம் சுற்றியது என்கிறீர்களே, அது வண்டிக் கோளாறு இல்லை. ஏ200, பிஎம்டபிள்யூ எக்ஸ்1 18ஐ இரண்டுமே முன்சக்கர இழுவை. செங்குத்தில் எடை பின்னால் சாயும், முன் டயருக்குப் பிடி குறையும். மழையில் பாசி பிடித்த சிமெண்ட் தளம் என்றால் கேட்கவே வேண்டாம். எக்ஸ்1 உயரமானது, அடி தட்டுவது குறையும். வழுக்கல் அப்படியேதான் இருக்கும்.

முன்பணம் கட்டுமுன் க்யூ3-ஐ அதே ஏற்றத்துக்கு வரவழையுங்கள். நாலு பேரை ஏற்றி, தரை ஈரமாக இருக்கும்போது நடுவில் நிறுத்தி, மெதுவாக எடுத்துப் பாருங்கள். கேட்டருகே சரிவு தொடங்கும் இடத்தில் ஒருவர் குனிந்து பார்க்கட்டும். முன் பம்பர் முதலில் உரசுவது அங்கேதான்.

மூன்றிலும் டூயல் கிளட்ச், அதாவது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் சூடேறி கருகல் வாடை வரும். பிரேக்கைத் தானாகப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டு போடுங்கள்.

ஒன்று, குவாட்ரோ ஏறத்தான் உதவும். மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்குக்கு அது துணை இல்லை. கியரை மேனுவல் மோடுக்கு மாற்றி, 2, 3-ஆம் கியரில் இறங்குங்கள். க்யூ3-இல் இருப்பது 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மலையில் பெட்ரோல் செலவும் கூடும்.