ஆபிரிக்க வம்சாவளியினருக்குத்தான் புரொஸ்டேட் புற்றுநோய் கூடுதலா?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள சுரப்பிதான் புரொஸ்டேட். அதில் வரும் புற்றுநோய் பற்றிக் கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “அப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய். கறுப்பின ஆண்களுக்குத்தான் இது கூட வருமாம். அப்படியென்றால் எனக்குப் பயமில்லையா?”

அப்படி நினைத்து இருந்துவிடாதீர்கள், தம்பி.

அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் இந்நோயால் இறக்கும் வீதம் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பது உண்மை. மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்) 8ஆவதில், ‘8கியூ24’ என்ற பகுதியிலுள்ள சில மாறுபாடுகள் ஆபத்தைக் கூட்டுவதை 2006இல் கண்டறிந்தார்கள். அவற்றில் சில ஆபிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம். ஆனால் வறுமையும், சிகிச்சை பிந்திக் கிடைப்பதும் அந்த இறப்புகளில் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டுவது அநியாயம்.

நம்மவர்களிடம் பதிவாகும் வீதம் குறைவுதான். பரிசோதிப்பதே குறைவு என்பதையும் மறக்கக்கூடாது. மேற்கு நாடுகளில் குடியேறிய ஆசியரிடம் இந்நோய் கூடியிருக்கிறது. மரபணு மாறவில்லை, வாழ்க்கையும் பரிசோதனையும் மாறின.

உங்களுக்கு முக்கியம் அப்பாவின் நோய். தகப்பனுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு. அப்பாவின் சகோதரிகளுக்கு மார்பக, சூலகப் புற்றுநோய் இருந்ததா என்றும் கேளுங்கள். நம் வீடுகளில் பெண்கள் இதை மறைத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் ‘பிஆர்சிஏ2’ என்ற மரபணுவின் மாற்றம் இரு பாலாரையும் பாதிக்கும், ஆண்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோயின் ஆபத்தையும் கூட்டும். 45 வயதளவில் வைத்தியரிடம் இதையெல்லாம் சொல்லி, புரொஸ்டேட்டில் உருவாகும் ஒரு புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை பற்றிக் கதையுங்கள். பிஎஸ்ஏ கூடியிருந்தால் உடனே பதற வேண்டாம், புரொஸ்டேட்டின் சாதாரண (புற்றுநோயல்லாத) வீக்கத்திலும் தொற்றிலும் அது கூடும்.