அமெரிக்கா–சீனா வணிகம்: லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு?

சீனாவுடனான வணிகத்தால் அமெரிக்காவுக்கு நட்டம் மட்டுமே என்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தக் கணக்கில் அது சரியல்ல. ஆனால் அந்த மொத்தக் கணக்கு சில ஊர்களின் துயரத்தை மறைத்துவிடுகிறது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு, அமெரிக்கக் கடைகளில் துணி, பொம்மை, மின்னணுப் பொருள்கள் மலிவாகக் கிடைத்தன. சீனாவில் கோடிக்கணக்கானோர் வயலை விட்டு ஆலை வேலைக்கு வந்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மரச்சாமான் ஆலைகள் பல மூடப்பட்டன. விலைக்குறைவின் பலன் நாடு முழுவதும் சிறு சிறு தொகையாகப் பரவியது. வேலையிழப்போ, ஐம்பது வயதில் வேறு தொழில் கற்கவும் வீட்டை விற்று இடம்பெயரவும் இயலாத தொழிலாளர்கள் வாழ்ந்த சில ஊர்களின் மீது மொத்தமாக இறங்கியது. பொருளியல் பாடநூல்கள் இந்த வேறுபாட்டுக்கு நெடுங்காலம் போதிய இடம் தரவில்லை என்றே கருதுகிறேன்.

சுங்கவரி இதற்கு மருந்தாகவில்லை. 2018 ஜூலையில் அமெரிக்கா சீனப் பொருள்கள் பலவற்றின் மீது 25 சதவீத வரி விதித்ததும், சீனா அதே அளவு வரியை அமெரிக்க சோயா மீது விதித்து, பிரேசிலிடம் கூடுதலாக வாங்கியது. அறுவடையான சோயா அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயிகளின் களஞ்சியங்களில் தேங்க, அமெரிக்க அரசே விவசாயிகளுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் நிவாரணம் வழங்க நேர்ந்தது. அமெரிக்கா விதித்த வரியின் பெரும்பகுதியைச் சுமந்தவர்களும் அந்நாட்டு இறக்குமதியாளர்களும் நுகர்வோருமே.