அம்மா ‘சரி’ என்றார், வீடு பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார்

கேள்வி: அக்கா, பண்டாரவளையில் அப்பா 1979இல் வாங்கிய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 76. ரோட்டிலிருந்து வீட்டுக்கு 42 படி இறங்க வேண்டும். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அப்பா இறந்து ஒன்பது வருடம். வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான். மரணசாதனம் (உயில்) எதுவும் எழுதவில்லை. நாங்கள் இரண்டே பிள்ளைகள். வீட்டை விற்றுவிட்டு வத்தளையில் எங்களோடு இருக்க அம்மா சம்மதித்தார். ஆனால் வீடு பார்க்க வருகிறவர்களிடம், “மழைக்குப் பின்சுவர் ஊறும், தகரம் ஒழுகும்” என்று அவரே சொல்லிவிடுகிறார். மூன்று பேர் போய்விட்டார்கள். கட்டாரில் இருக்கும் அண்ணன், “அம்மாவிடம் அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வாங்கி நீயே முடித்துவிடு” என்கிறார். செய்யலாமா? அம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவர்.
– வாசகி, வத்தளை

பதில்: வேண்டாம் தங்கச்சி. முதலில், அந்தப் பத்திரத்தை வைத்து உங்களால் வீட்டை விற்கவே முடியாது. அப்பா மரணசாதனம் எழுதாமல் போனதால், பொதுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. உங்களுக்குக் கால் பங்கு, அண்ணனுக்குக் கால் பங்கு. அம்மாவின் அற்றோணித் தத்துவம் அம்மாவின் பாதிக்கு மட்டும்தான் செல்லும். அண்ணன் வந்து கையொப்பம் வைக்க வேண்டும். முடியாவிட்டால், தன் பங்குக்குத் தோஹாவில் உள்ள நம் இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். சொத்தின் பெறுமதி சட்டம் சொல்லும் அளவைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கும் (மரணசாதனம் இல்லாவிட்டாலும் பெயர் அதுதான்) போட வேண்டிவரும். அது மாதக்கணக்கில் இழுக்கும் காரியம். ஆகவே தரகரைப் பிடிக்கும் முன் உறுதி எழுதும் நொத்தாரிசைப் பாருங்கள். பதுளை காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியை எடுத்து, உறுதியில் உள்ள அப்பாவின் பெயரும் மரணச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஆட்களின் பெயரை ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு மாதிரி எழுதிவைத்திருப்பார்கள். வித்தியாசம் இருந்தால் சத்தியக் கடதாசி தேவைப்படும். வீட்டுக்கான சோலைவரி பாக்கியையும் கட்டிவிடுங்கள். முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் செலவு: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம்.

இது கடதாசி வேலை. இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் வயதைப் பார்த்தால், தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த கையோடு பிறந்தவர். நாடும் நமக்கில்லை, காம்பராவும் நமக்கில்லை என்ற காலத்தில் வளர்ந்தவர். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில் (தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில்) இருக்கும்வரைதான் அங்கே இருப்பு. அப்படி வந்த ஒருவருக்கு, உறுதியோடு கூடிய வீடு என்றால் “போ” என்று யாரும் சொல்ல முடியாத இடம். அதை விட்டுவிட்டு மருமகன் வீட்டு அறைக்கு வரச் சொல்கிறீர்கள். நீங்கள் அன்பாகத்தான் கூப்பிடுகிறீர்கள், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அது மறுபடியும் இன்னொருவர் கூரைதான். அதனால்தான் வாய் ‘சரி’ என்றாலும், ஆள் வந்ததும் ஊறுகிற சுவரைக் காட்டுகிறார்.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. 2014இல் ஹட்டனில் எங்கள் அம்மாவின் வீட்டை விற்றோம். நல்ல விலை. காசைத் தம்பியின் கணக்கில் போட்டோம், “எல்லாம் அம்மாவுக்குத்தானே” என்று. இரண்டு மாதம் கழித்து நான் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. “வெத்தலைக்கு இருபது ரூபா இருந்தா தா” என்றார். நாற்பது வருடம் கடைக் கல்லாவில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்த கை அது. மாவுக் கையோடு ஓடிப்போய்ப் பர்ஸை எடுத்தேன். அந்த இருபது ரூபாயை அவர் கேட்க விட்டது எங்கள் பிழை. இன்றும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அதனால் நீங்களும் அண்ணனும் முதலில் காசைப் பற்றித்தான் பேச வேண்டும், அதுவும் அம்மா முன்னால். அவருடைய பாதி, அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் போகட்டும். வட்டி மாதாமாதம் அவர் சேமிப்புக் கணக்குக்கு வரட்டும். புத்தகம் அவர் கையில் இருக்கட்டும். உங்கள் கால் பங்குகளையும் அவருக்கே விட்டுக்கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அது உங்கள் இருவர் மனசையும் வசதியையும் பொறுத்தது.

அடுத்த ஆள் வீடு பார்க்க வரும்போது விலையை அம்மா சொல்லட்டும். தரகரும் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். சுவர் ஊறுவதை மறைக்கவும் வேண்டாம். அம்மா சொன்னது உண்மைதானே? வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். சரிவில் உள்ள வீட்டில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களும் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டைப் பூட்டி, சாவியை அம்மாவிடமே கொடுத்து, ஒரு மாதம் வத்தளைக்குக் கூட்டிப் போங்கள். பண்டாரவளைக் குளிரில் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்த உடம்பு. கடலோர வெக்கை ஒத்துக்கொள்கிறதா, இரவில் தூங்குகிறாரா, பகலில் பேச யாராவது கிடைக்கிறார்களா என்று பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் வத்தளைதான் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அவரை வருத்துவது அந்த 42 படிதானே? விற்ற காசில் பண்டாரவளையிலேயே ரோட்டு மட்டத்தில் ஒரு சின்ன வீடு பார்க்கலாம். இந்த முறை உறுதியை அம்மா பெயரிலேயே எழுதுங்கள்.