முழங்காலில் வைத்துச் சுடாத ‘முழங்கால் மோர்ட்டார்’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டாம் உலகப்போர் ஆயுதங்களைப் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றித்தான் இருக்கின்றன. அமெரிக்கச் சிப்பாய்கள் ‘நீ மோர்ட்டார்’ (knee mortar), அதாவது முழங்கால் மோர்ட்டார் என்று கூப்பிட்ட ஜப்பானின் 89ஆம் வகை குண்டு எறிகுழல் அது. மோர்ட்டார் என்றால் குண்டை மேல்நோக்கி வளைவாக எறியும் குட்டைக் குழல். சரி, இந்த முறை முழுக்க அதற்கே.

ஜப்பானியர்கள் இதை முழங்காலில் வைத்துத்தான் சுட்டார்களா? வீடியோ ஒன்றில் அப்படித்தான் சொன்னார்கள். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

இல்லை. இந்தத் தவறான தகவலால் நிஜமாகவே எலும்பு முறிந்திருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதன் அடித்தட்டு உள்ளங்கை அளவுதான் இருக்கும், பிறை போல் வளைந்திருக்கும். மடக்கிய தொடையின் மேல் வைத்தால் அளவெடுத்துச் செய்ததுபோல் அப்படியே உட்காரும். பெயரும் முழங்கால், வடிவமும் அதற்கு ஏற்றபடி. கைப்பற்றிய எறிகுழலைத் தொடையில் வைத்து, சுடுவதற்கான வாரை இழுத்துப் பார்த்த அமெரிக்க வீரர்கள் தொடை எலும்பை முறித்துக்கொண்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று அமெரிக்க ராணுவம் தன் வீரர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 800 கிராம் குண்டை 670 மீட்டர் தூரம் தள்ளுகிற விசையின் எதிரடி முழுவதும் அந்தச் சின்னத் தட்டு வழியாகத்தான் இறங்குகிறது. மண் அதைத் தாங்கும், எலும்பு தாங்காது.

ஜப்பானிய வீரன் மண்டியிட்டோ படுத்தோ தட்டைத் தரையில் ஊன்றுவான். இடது கையால் குழலை 45 பாகையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் விசையில் கட்டிய தோல் வாரை இழுப்பான். முழங்காலும் தரையில், குழலும் தரையில். ஜப்பானியர் வைத்த பெயரிலும் முழங்கால் கிடையாது. ‘ஜூ டெகிடான்டோ’ என்றால் கனரகக் குண்டு எறிகுழல், அவ்வளவுதான்.

89 என்பது எதைக் குறிக்கிறது? 1889ஆம் ஆண்டா?

ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கின் 2589ஐக் குறிக்கிறது. நம் கணக்கில் 1929. அதன் கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்வார்கள். 2599ஆம் ஆண்டின் துப்பாக்கி 99ஆம் வகை ஆனதும், 2600ஆம் ஆண்டின் போர் விமானம் ‘ஜீரோ’ ஆனதும் இப்படித்தான். இதற்கு முந்தைய எறிகுழலான 10ஆம் வகை மட்டும் வேறு கணக்கு. அது தைஷோ மன்னர் ஆட்சியின் 10ஆம் ஆண்டு, அதாவது 1921. இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

சாய்வை மாற்றாமல் தூரத்தை எப்படி மாற்றினார்கள்? (ஓய்வுபெற்ற இயந்திரவியல் ஆசிரியர், கோவை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இந்த ஆயுதத்தின் அழகே அங்கேதான் இருக்கிறது.

பொதுவாக மோர்ட்டாரில் குழலை நிமிர்த்தினால் குண்டு கிட்டத்தில் விழும், சாய்த்தால் தள்ளிப் போகும். அதற்குக் கால்கள், திருகுகள், கோணம் பார்க்கும் கருவி எல்லாம் வேண்டும். எடை ஏறிவிடும். இங்கே சாய்வு எப்போதும் 45 பாகைதான். குழலுக்குள் கீழிருந்து ஒரு தண்டு நீள்கிறது, அதன் நுனியில் சுடும் ஊசி. வெளியே உள்ள குமிழைத் திருகினால் தண்டு ஏறும், இறங்கும். வாய் வழியாகப் போட்ட குண்டு இந்தத் தண்டின் மேல்தான் போய் உட்காரும். தண்டு மேலே ஏறியிருந்தால் குண்டுக்குக் கீழே காலி இடம் அதிகம். வெடிமருந்தின் வாயு அதில் பரவி அழுத்தம் குறைந்துவிடும், குண்டு குழலுக்குள் ஓடும் தூரமும் குறையும். ஆகவே கிட்டத்தில் விழும். தண்டை இறக்கினால் இடம் குறுகும், அழுத்தம் ஏறும், குண்டு தூரம் போகும். தீபாவளிக்கு வெடியின் மேல் டப்பாவைக் கவிழ்த்து விளையாடியவர்களுக்கு இது உடனே புரியும். வெடியை ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன டப்பா கூரைக்கு மேலே போகும். அதே வெடியைப் பெரிய டின்னுக்குள் வைத்தால் சத்தத்தோடு சரி.

குழலின் விட்டம் 50 மில்லிமீட்டர், உள்ளே துப்பாக்கிக் குழல்போல் சுருள்வரிகள் உண்டு. அதனால் குண்டு சுழன்றுகொண்டே போகும், வால் சிறகு தேவையில்லை. சுருள்வரி இருந்தும் குண்டு வாய் வழியாகத் தடையில்லாமல் எப்படி இறங்குகிறது என்று அடுத்து கேட்பீர்கள். குண்டின் அடிப்பாகத்தில் ஒரு செம்புப் பட்டை இருக்கிறது. மருந்து எரியும்போது வாயு அதை வெளிப்பக்கம் தள்ளும், பட்டை விரிந்து வரிகளைக் கவ்விக்கொள்ளும்.

செயலிழக்கச் செய்த ஒன்றை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எடை 4.7 கிலோ, நீளம் 61 சென்டிமீட்டர். ஐந்து கிலோ அரிசிப் பையைவிட லேசு. குறி பார்க்க என்ன வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். குழலின் மேல் ஒரு கோடு, அவ்வளவே. மற்றதெல்லாம் பிடிக்கிறவனின் கண்ணும் பழக்கமும்.

ஒரு படைப்பிரிவில் இது எத்தனை இருக்கும்?

போர்க்கால வழக்கப்படி ஒரு பிளட்டூனில், அதாவது காலாட்படையின் சிறு பிரிவில், நான்கு சிறுகுழுக்கள். மூன்றில் லைட் மெஷின்கன், நான்காவதில் பெரும்பாலும் மூன்று எறிகுழல்கள். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. கையெறி குண்டு முப்பது, நாற்பது மீட்டருக்கு மேல் போகாது. பெரிய மோர்ட்டார்கள் பின்னால் மேலதிகாரிகள் வசம் இருக்கும், கேட்டு வாங்குவதற்குள் நேரம் போய்விடும். இடையில் உள்ள சில நூறு மீட்டர்தான் காலாட்படை வீரன் அதிகம் செத்த இடம். அந்த இடைவெளியைப் பிளட்டூன் தலைவன் யாரையும் கேட்காமல் தானே நிரப்பிக்கொள்ள முடிந்தது. அமெரிக்கர்களின் 60 மில்லிமீட்டர் மோர்ட்டார் இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் சுடும், ஆனால் 19 கிலோ. காட்டுப் பாதையில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற ஒருவர் போதாது.

97ஆம் வகைக் கையெறி குண்டை இதில் போட்டுச் சுடலாமா?

முடியாது. 91ஆம் வகைக் கையெறி குண்டின் அடியில்தான் உந்துமருந்தைத் திருகிப் பொருத்தும் இடம் உண்டு. எறிகுழலில் அது 190 மீட்டர்வரை போகும்.

கோஹிமா போரில் இதன் பங்கு என்ன? (திண்டுக்கல்)

1944 மார்ச்சில் ஜப்பானிய ஜெனரல் சட்டோவின் 31ஆம் டிவிஷன் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றைக் கடந்து, கோஹிமாவைப் பிடிக்க நாகா மலைகளில் ஏறியது. மூன்று வாரச் சாப்பாடுதான் கையிருப்பு. கனரகப் பீரங்கிகளை அந்த மலையில் இழுத்து வர வழியில்லை, மலைப் பீரங்கிகள் கொஞ்சம் வந்தன. அந்த நிலையில் தனி ஆள் தோளில் சுமந்து வரக்கூடிய எறிகுழலுக்கு மதிப்பு கூடியது இயல்புதான்.

ஆனால் கோஹிமாவின் புகழ்பெற்ற டென்னிஸ் மைதானச் சண்டையில் இதுதான் எல்லாம் செய்தது என்று சொல்வது சரியல்ல. இதன் வழக்கமான குண்டுக்குக் குறைந்தபட்சத் தூரமே 120 மீட்டர். மைதானத்தின் இரு ஓரங்களிலும் எதிரெதிரே பதுங்கியிருந்தவர்கள் கையாலேயே குண்டு வீசிக்கொண்டார்கள். எறிகுழலின் வேலை அதற்குப் பின்னால், சரிவுகளில். அப்புறம், லேசான ஆயுதம் என்றாலும் குண்டு லேசு இல்லை. ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்கு மேல். பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு விமானத்தில் பொருள் வந்து விழுந்துகொண்டிருந்தது, சட்டோவின் ஆட்களுக்கு ஏறத்தாழ எதுவுமே வரவில்லை. பசித்த மனிதன் கையில், குண்டு தீர்ந்த எறிகுழல் வெறும் 4.7 கிலோ இரும்பு. மேலிடத்து உத்தரவையும் மீறி சட்டோ பின்வாங்கியதற்கு இந்த வறட்சிதான் காரணம். அந்த மலைகளில் இரு பக்கத்து இளைஞர்களும் பட்டதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

போருக்குப் பிறகு இவை என்ன ஆயின?

பல கை மாறின. போர் நடக்கும்போதே சீனர்கள் இதைப் பார்த்துத் தாங்களே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1945க்குப் பிறகு வியட்மின் போராளிகளிடமும் இந்தோனேசிய விடுதலைப் படைகளிடமும் இருந்தன.

அந்தமானில் என் தங்கை வீட்டுக்காரர் தென்னைக்குக் குழி வெட்டும்போது துருப்பிடித்த குண்டு ஒன்று கிடைத்தது. கழுவி பக்கெட்டில் வைத்திருக்கிறார். ஷோகேஸில் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். 1942 மார்ச்சிலிருந்து 1945 அக்டோபர்வரை ஜப்பானியர் அங்கே இருந்தார்கள், ஆகவே அது நிஜக் குண்டாகவே இருக்கலாம். எண்பது வருஷம் மண்ணில் கிடந்தாலும் உள்ளே உள்ள மருந்து சாகாது. துருப்பிடித்த திரிப்பகுதி எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த வகை என்று பார்க்க அடியைத் திருப்பவும் வேண்டாம், எனக்கு போட்டோ அனுப்புவதற்காகப் பக்கத்தில் போகவும் வேண்டாம். இதைப் படித்ததும் அவருக்கு போன் போடுங்கள். பக்கெட்டைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, குழந்தைகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு தூரமாகப் போகச் சொல்லுங்கள். அப்புறம் 112க்கு அழைத்தால் போலீஸ் வெடிகுண்டு நிபுணர்களை வரவழைக்கும். குழி வெட்டிய இடத்தில் இன்னும் இருக்கலாம், அதையும் அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள்.