இலை இல்லாத திஸ்மியா: உங்க கேள்விகளுக்கு பதில்

மலேசியாவுல சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட்ல கண்டுபிடிச்ச, இலை இல்லாத குட்டி பூச்செடி திஸ்மியா செலாங்கோரென்சிஸ் படம் வாட்சாப்ல சுத்த ஆரம்பிச்சதுல இருந்து நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம், நம்ம கேஎல் (கோலாலம்பூர்) பக்கத்து காட்டு செடிய பத்தி இவ்ளோ ஆர்வமா கேக்கறீங்களே.

அக்கா, இலையும் இல்ல பச்சையும் இல்ல, எப்படி உயிரோட இருக்கு? (காஜாங்)

திருட்டு சாப்பாடுதான் தம்பி. மண்ணுக்குள்ள இருக்கற பூஞ்சை, மரத்து வேர்ல சேந்துகிட்டு அதுக்கு பாஸ்பரஸ் எல்லாம் கொண்டாந்து குடுத்து பதிலுக்கு சர்க்கரை வாங்கிக்கும், அந்த பூஞ்சைய திஸ்மியா தன் வேருக்குள்ள வரவிட்டு அதுகிட்ட இருந்து சர்க்கரைய உறிஞ்சிக்கும், ஆக சோறு போடறது கடைசியில பச்சை மரந்தான். அதனால இதுக்கு வெயிலே வேணாம், பூக்கற நேரம் தவிர மத்த நாள் மண்ணுக்கு அடியிலயே கிடக்கும். தண்டுல உத்து பாத்தா குட்டி குட்டி செதில் இருக்கும், இலைன்னு மிஞ்சினது அதுதான்.

ரஃப்லேசியாவும் இதே வகையா? (பினாங்கு)

இல்ல. ரஃப்லேசியா, அதான் அந்த ராட்சச பூ, ஒரு காட்டு கொடிக்குள்ள புகுந்து நேரடியா உறிஞ்சுது. திஸ்மியா பூஞ்சை வழியா.

சுங்கை சொங்காக்ல குளிக்க போனப்ப காளான் மாதிரி ஒண்ணு பாத்தேன், அதுவா இருக்குமா? (செராஸ்)

உலு லங்காட்ல இருக்கற சொங்காக் சரியான இடந்தான், செலாங்கோரென்சிஸ கண்டுபிடிச்சதே அங்கதான். காளான்ல தொப்பிக்கு அடியில மடிப்போ துளையோ இருக்கும். திஸ்மியா உண்மையான பூ. சிலாங்கூர் இனத்துல கீழ ஒரு குழாய், அது மேல இதழ் சேந்து குடை மாதிரி மூடியிருக்கும், பீச் கலந்த ரோஸ் கலர்ல பெரிய மரத்து பலகை வேர் சந்துல சருகுக்கு நடுவுல நிக்கும், உயரம் 10 செ.மீ. கிட்டதான். மொத்தமே 20 செடிக்கும் குறைவாதான் பாத்திருக்காங்க. பிக்னிக் போற இடத்துக்கு பக்கத்துலயே இருக்கறதால ஒரு பாய விரிச்சாலே போச்சு, அத நெனைச்சாதான் எனக்கு பதறுது. தயவுசெஞ்சு பாதைய விட்டு இறங்காதீங்க.

தோண்டி வந்து தொட்டியில வெச்சா வளருமா? (ரவாங்)

வளராது, செத்துப் போகும். அதுக்கு அதோட பூஞ்சை வேணும், பூஞ்சைக்கு மரம் வேணும், ஒரு பிடி மண்ண சேத்து அள்ளினாலும் அந்த தொடர்பு அறுந்துரும். எந்த உரம் போட்டும் பிரயோஜனம் இல்ல.

ஏன் இவ்ளோ அபூர்வம்? (ஷா ஆலம்)

கொஞ்ச நாள்தான் மண்ணுக்கு மேல தெரியும், அதுவும் விரல் அளவு, அதனால கண்ணுல படாமலே போயிரும். சரவாக்ல 1866ல பெக்காரிங்கற இத்தாலிக்காரர் பாத்த திஸ்மியா நெப்டியூனிஸ, மறுபடி ஒருத்தர் பாக்க 2017 ஆச்சு, 151 வருஷம்! அமெரிக்காவுல சிகாகோல 1912ல கண்டுபிடிச்ச இன்னொரு திஸ்மியா இனம் 1916க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படல. ஆனா பூஞ்சை உயிரோட இருக்கணும்னா மரம் நிக்கணும், காட்ட வெட்டிட்டா பாக்கறதுக்கே எதுவும் இருக்காது.

பாத்தா என்ன செய்யறது?

தொடாம, சருக ஒதுக்காம, பக்கவாட்டுலயும் மேல இருந்தும் படம் எடுங்க, பூ உச்சி தெளிவா தெரியணும். இடத்த ஃபேஸ்புக்ல போடாதீங்க. படத்தையும் இடத்தையும் கெப்போங்ல இருக்கற மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புங்க, திஸ்மியாவ படிக்கறவங்க அங்க இருக்காங்க.