இருண்ட சக்தி குறைந்தால் பிரபஞ்சம் சுருங்குமா?

ஐயா, வணக்கம். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறேன். இருண்ட சக்தி பலமிழக்கிறதாம், அதனால் பிரபஞ்சம் விரிவதை நிறுத்திவிட்டுத் திரும்பச் சுருங்கி நொறுங்குமாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியென்றால் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போய்க் குளிர்ந்து ஓய்ந்துவிடும் என்ற வெப்பச் சாவுக் கருத்து பிழையா?
மாணவி, உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிரபஞ்ச விரிவை வேகப்படுத்துவதையே இருண்ட சக்தி என்கிறோம். அது பலமிழக்கிறது என்ற முதற்பாதிக்கு ஆதாரம் உண்டு. பிற்பாதி அவசரம்.

அரிசோனாவில் கிட் பீக் மலையிலுள்ள 4 மீற்றர் தொலைநோக்கியில் டெசி என்ற கருவி இருக்கிறது. அதன் 5,000 ஒளியிழைகளில் ஒவ்வொன்றும் ஒரு விண்மீன் திரளின் ஒளியைப் பிடிக்கும். ஆதிப் பிரபஞ்சத்தின் ஒலியலைகள் விட்டுப்போன, சுமார் 50 கோடி ஒளியாண்டு நீளமான ஓர் இடைவெளி திரள்களின் பரம்பலில் இன்றும் தெரிகிறது. அதையே அளவுகோலாக வைத்து ஒவ்வொரு காலத்து விரிவையும் அளக்கிறார்கள்.

2025 மார்ச்சில் வந்த முடிவோடு நுண்ணலைப் பின்னணியையும் (ஆதிப் பிரபஞ்சத்தின் எஞ்சிய ஒளி) சுப்பர்நோவாத் தரவுகளையும் (வெடிக்கும் நட்சத்திரங்கள்; பிரகாசத்தைக் கொண்டு தூரம் அறியலாம்) சேர்த்தால், இருண்ட சக்தி குறைவதாகத் தெரிகிறது. ஆனால் எந்தச் சுப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து உறுதி 2.8 சிக்மாவிலிருந்து 4.2 வரை மாறுகிறது (சிக்மா கூடக் கூட, முடிவு வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்புக் குறையும்). கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். கிட்டத்துச் சுப்பர்நோவாக்களில் பல பழைய தொலைநோக்கிகளில் அளந்தவை. தூரத்தவை வேறு கருவிகளில். இரண்டையும் பொருத்தும்போது பிரகாசத்தில் சின்னப் பிசகு வந்தாலே முடிவு அசையும்.

இனி நொறுங்கலுக்கு வருவோம். குறைவது வேறு, குறி மாறுவது வேறு. நமது பிரபஞ்சம் அளந்தவரை தட்டையானது. தட்டையான பிரபஞ்சத்தில் விரிவு வீதத்தின் வர்க்கம் மொத்தச் சக்தி அடர்த்திக்கு நேர்விகிதசமம். விரிவு நிற்க அந்த மொத்தம் பூச்சியமாக வேண்டும். சடப்பொருளின் அடர்த்தியோ எப்போதும் நேர்ப் பெறுமானம். ஆகவே இருண்ட சக்தி மறைப் பெறுமானத்துக்கு இறங்கினால்தான் நொறுங்கல் நடக்கும். பூச்சியம் வரை தேய்ந்தாலும் விரிவு மெதுவாகுமே ஒழிய நிற்காது. டெசி மறைப் பெறுமானம் எதையும் அளக்கவில்லை. இந்தப் படியைத்தான் காணொளி தாண்டிவிட்டது.

ஆகவே வெப்பச் சாவு இன்னும் களத்தில் உண்டு. ஏறத்தாழ 10இன் 14ஆம் அடுக்கு ஆண்டுகளில் நட்சத்திரப் பிறப்பு ஓயும். சூரியத் திணிவுள்ள கருந்துளை ஹோக்கிங் கதிர்வீச்சால் (கருந்துளையிலிருந்து மெல்லக் கசியும் கதிர்வீச்சு) ஆவியாக 10இன் 67ஆம் அடுக்கு ஆண்டுகள் வேண்டும்.

விரிவு இப்படியே வேகமெடுத்தால் தூரத்துத் திரள்கள் பார்வைக்கு எட்டாமல் போகும். ஈர்ப்பால் நம்மோடு கட்டுண்ட அயல் திரளான அந்திரொமேடா போகாது. செப்டெம்பர் கடைசியில், மாரிக்கு முன், நிலவில்லாத இரவு 9 மணிக்கு நிலாவெளிக் கரையில் நின்று அதை வடகிழக்கே பாருங்கள்: கடலுக்கு மேல், நீட்டிய கையின் மூன்று முட்டி உயரத்தில். ஹோட்டல் வெளிச்சத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். கண் இருளுக்குப் பழக 20 நிமிடம் கொடுங்கள்.